முதுகுக்காரி திரும்பிய கதை

பதிப்பகத்தில் அவளுக்குப் பார்சல் கட்டுகிற வேலை. ஆனால் எல்லோரும் கூப்பிடுவது முதுகுக்காரி என்றுதான். காரணம் முதலாளி. பெண்ணின் சுயம், பண்பாட்டுச் சிக்கல் என்று எந்த நாவல் வந்தாலும், அட்டையில் ஒரு பெண் ஜன்னல் வழியே வெளியே பார்க்க வேண்டும், முதுகு மட்டும் தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை. மாடலுக்குச் செலவழிக்க மனசு வராது. அதனால் இவளைக் கூப்பிட்டு நிற்க வைப்பார். கதாநாயகி புருஷனை விட்டுப் போகிற நாவலுக்குத் தலைவிரி கோலம், பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிற நாவலுக்குப் பின்னல். அந்த ஜன்னலுக்கு வெளியே இருந்ததோ பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியும் யாரோ காயப்போட்ட ஜட்டியும்தான். அத்தனை கதாநாயகிகளும் சுயத்தை அங்கேதான் தேடினார்கள்.

வீட்டில் மாமியார் ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருந்தாள். மூஞ்சி தெரியக் கூடாது. "முதுகுதானேம்மா, யாருக்குத் தெரியப்போகுது?" என்று கணவன் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டான்.

அவளுக்கோ ஆசை விட்டபாடில்லை. ஒரே ஒரு அட்டையில் தன் முகம் வர வேண்டும். பெரிய அழகி என்ற நினைப்பெல்லாம் கிடையாது. இத்தனை நாவலை முதுகில் சுமந்தவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் என்ன குடியா முழுகிவிடும்?

அடுத்த நாவலுக்குப் படமெடுக்க வந்தவன், "கொஞ்சம் சோகமா நில்லுங்கக்கா" என்றான்.

"முதுகுல எப்படிப்பா சோகம் காட்டுறது?" சட்டென்று திரும்பி நின்றாள். "இந்தத் தடவை மூஞ்சியோட எடு. இல்லேன்னா ஆளை விடு."

முதலாளி ஓடி வந்தார். "முகத்தைப் போட்டா அது உன் கதை ஆயிடும்மா. முதுகுன்னாத்தான் எல்லாப் பொண்ணுங்க கதை."

"என் கதையா இருந்தா என்ன சார்?"

முதலாளி அவளை நகரச் சொன்னார். கணக்கு எழுதுகிறவரைக் கூப்பிட்டு, டோப்பா மாட்டி, சால்வை போர்த்தி ஜன்னலோரம் நிறுத்தினார். மீசை அந்தப் பக்கம் இருந்ததால் வசதியாகப் போயிற்று.

புத்தகம் வந்தது. தலைமுறைகளின் வலியெல்லாம் அந்த முதுகில் தெரிகிறது என்று ஒரு விமர்சகர் உருகித் தள்ளினார். வலி நிஜம்தான், கணக்கருக்கு இடுப்புப் பிடிப்பு. இவளுக்கு வயிறு எரிந்தது. முகம் இல்லாவிட்டாலும் முதுகாவது தன்னுடையது என்று நம்பியிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவனின் மேனேஜர் வீட்டுக்கு வந்தார். அவள் கொண்டுவந்து வைத்திருந்த அந்தப் புத்தகத்தைக் கணவன் பெருமையாக எடுத்து நீட்டினான். "அட்டையில இருக்கிறது நம்ம வீட்டுக்காரிதான் சார்."

"அது நான் இல்ல" என்றாள்.

"கூச்சப்படுறா சார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்துறேன், எனக்குத் தெரியாதா?"

"அது எங்க ஆபீஸ் கணக்கர். மீசை வச்சிருப்பார்."

குடித்துக்கொண்டிருந்த காப்பி மேனேஜருக்குப் புரையேறியது. கணவன் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் அதிகம்.

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். "இது வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். இவ இப்படிக் கூனி நிக்கவே மாட்டா."

புத்தகத்தை மகன் மடியில் போட்டுவிட்டு மருமகளைப் பார்த்தாள்.

"அடுத்த தடவை மூஞ்சியைக் காட்டியே நில்லு. ஊருக்காக இல்லாட்டியும், பொண்டாட்டி யாருன்னு இவனுக்காவது தெரியட்டும்."