உங்க டைல ஏதோ சிந்தியிருக்கு சார்

என் அக்கா வீட்டுக்காரருக்கு மனித முகம் நினைவில் நிற்காது. முப்பத்தோரு வருடம் ஒரு கிளப் வாசலில் நின்று, வருகிறவர்களின் கழுத்தை மட்டுமே பார்த்த மனிதரிடம் முகத்தை எதிர்பார்ப்பது நம் தப்பு. கடைத்தெருவில் என்னையே இரண்டு முறை தாண்டிப் போயிருக்கிறார். கேட்டால், "காலர் இல்லாத சட்டையில வந்தா நான் எப்படிடா மச்சான் கண்டுபிடிக்கிறது?" என்று பழியை என் தலையில் போட்டார். நான் தையல்காரன். ஊருக்கெல்லாம் காலர் வைத்துத் தைக்கிறவன். என்னிடமே இந்தப் பேச்சு!

அத்தான் வேலை பார்த்த கிளப்பில் ஒரு சட்டம் உண்டு. கழுத்தில் டை இல்லாதவன் சாப்பாட்டு அறைக்குள் கால் வைக்கக் கூடாது. பசிக்கிறதா என்று அங்கே யாரும் கேட்பதில்லை, டை இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். மறந்து வந்தவர்களுக்காக வாசல் அறையில் ஓர் அலமாரி, அதில் பன்னிரண்டு இரவல் டைகள். எல்லாம் கோடில்லாத கருநீலம். வந்தவரை நிறுத்தி, காலரைத் தூக்கி, தானே முடிச்சுப் போட்டு, இழுத்துச் சரிசெய்து, "இப்போ சரியா இருக்கு. உள்ள போய்ச் சாப்பிடுங்க சார்" என்று அனுப்பி வைப்பதுதான் அத்தானின் உத்தியோகம். கண்ணைக் கட்டிவிட்டாலும் பத்து நொடியில் முடிச்சு விழுந்துவிடும். உறுப்பினர்கள் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'கோடு' என்பார்கள். "கோடு எங்கேப்பா? கோட்டை வரச் சொல்லு."

அந்தப் பட்டப்பெயருக்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு கிளப்புக்கும், ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் தனித்தனிக் கோடு போட்ட டை உண்டாம். கோட்டின் அகலம், நிறம், சாய்வு எல்லாவற்றுக்கும் அர்த்தம் உண்டாம். இடது தோள் பக்கம் தொடங்கி வலது இடுப்பைப் பார்த்து இறங்கினால் உயர்வு. மாறி இறங்கினால் யாரோ கடைக்காரன் அழகுக்காகப் போட்டது. கோடு போட்ட டையைக் கோடு போட்ட சட்டையோடு கட்டக் கூடாது. பெற்ற மகனுக்குக்கூட இரவல் தரக் கூடாது. அத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் என் கடைக்கு வந்து, காஜா எடுத்துக்கொண்டிருக்கும் என் எதிரில் உட்கார்ந்து இதையெல்லாம் ஒப்பிப்பார். "ஏன் அத்தான், எல்லாம் பட்டுத்துணியும் லைனிங்கும்தானே?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பதுபோல என்னைப் பார்த்தார்.

அவருடைய கிளப்பின் டை கருஞ்சிவப்பு. அதில் விரல் அகலத்துக்குப் பச்சைக் கோடு, அதை ஒட்டி நூல் கனத்தில் ஒரு வெள்ளிக் கோடு. உறுப்பினர்கள் மட்டும்தான் கட்டலாம். அதைக் கட்டிக்கொள்ள என்ன சாதித்திருக்க வேண்டும் என்று விசாரித்தேன். பட்டாளத்து டை கட்டுகிறவர்களாவது ஏதோ ஒரு காலத்தில் வெயிலில் நின்றிருப்பார்கள். போரைப் பார்த்தவர்களும் உண்டு, கிடங்கில் போர்வை எண்ணியவர்களும் உண்டு. கிளப் டைக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. அப்பா உறுப்பினராக இருந்திருக்க வேண்டும், இரண்டு பேர் தலையாட்ட வேண்டும், ஒன்பது வருடம் வீட்டில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். அத்தான் முப்பத்தோரு வருடம் நின்றுகொண்டே காத்திருந்தார், அது சேர்த்தி இல்லை.

உரிமை இல்லாமல் கோடு கட்டி வருகிறவர்களைப் பிடிப்பதில் அவர் கெட்டிக்காரர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பதை அத்தானைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஒருமுறை ஒரு சோப்பு வியாபாரி விருந்தாளியாக வந்தார். பட்டாளத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். நாலு பேர் சல்யூட் அடிக்கட்டும் என்று கடையில் தேடி வாங்கிய குதிரைப்படை டை கழுத்தில் ஆடியது. உள்ளே அந்தப் படையில் நிஜமாகவே இருந்த இரண்டு கிழவர்கள் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். மாட்டினால் மானம் கப்பலேறிவிடும். ஆனால் முகத்துக்கு நேரே "இது உங்களுடையது இல்லை" என்று சொல்வது அங்கே மரியாதைக் குறைவாம். அதற்கென்று அத்தான் சொந்தமாக ஒரு வாக்கியம் தயாரித்து வைத்திருந்தார். தட்டில் ஒரு கருநீல டையை மடித்து வைத்து, பக்கத்தில் போய்க் குனிந்து, ரகசியம் போலச் சொல்வார்.

"உங்க டைல ஏதோ சிந்தியிருக்கு சார்."

ஒரு பொட்டுகூடச் சிந்தியிருக்காது. சூட்சுமம் அதற்கப்புறம்தான். "சொந்தக்காரன்னா குனிஞ்சு பார்ப்பான் மச்சான். எங்கே சிந்தியிருக்குன்னு தேடுவான். உரிமை இல்லாதவனுக்குக் கைதான் முதல்ல போகும். மூடிப்பான். பார்க்கவே மாட்டான்."

சோப்பு வியாபாரிக்குக் கை போயிற்று. தட்டிலிருந்த கருநீலத்தைக் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாகச் சாப்பிட்டுப் போனார். அந்த வாக்கியம் கிளப் முழுக்கப் பரவிவிட்டது. தலைவரே அதை நண்பர்களிடம் சொல்லிக் காட்டிச் சிரிப்பாராம். அவர் சிரித்தார் என்று சொல்லும்போது அத்தானுக்கு முகமெல்லாம் பல்.

இத்தனை பேர் கழுத்துக்கு முடிச்சுப் போட்டவரின் கழுத்தில் என்ன இருந்தது என்கிறீர்களா? ஒன்றுமில்லை. பணியாளர்களுக்குக் கழுத்து மூடிய கறுப்புக் கோட்டு, பித்தளைப் பொத்தான். காலரே கிடையாது, டை எங்கே கட்டுவது? வருடம் ஒரு கோட்டு, தைத்துக் கொடுத்த பாவி நான்தான்.

அவர் ஓய்வு பெறுகிற மாதத்திலேயே மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண். மாப்பிள்ளை அங்கேயே செயற்கைப் பல் செய்கிறவன். இருவரும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டதும் பக்கத்து மண்டபத்தில் மதியச் சாப்பாடு, அவ்வளவுதான். அத்தான் சட்டைக்கு அளவு கொடுக்க என் கடைக்கு வந்தார்.

"காலர் வெச்சுத் தை மச்சான். டை கட்டுற மாதிரி."

"எந்த டை? இரவல் கருநீலமா?"

அளவு நாடாவையே பார்த்துக்கொண்டு நின்றார். "கிளப் டை. செயலாளர்கிட்ட கேட்டிருக்கேன். என் பொண்ணு பக்கத்துல நிக்கும்போது ஒரே ஒரு நாள் கட்டணும்டா. அப்புறம் திருப்பிக் கொடுத்துடறேன்னுகூடச் சொல்லிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தும்விட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் ஏன் சிரித்தோம் என்றாகிவிட்டது. அறுபது வயது மனிதர் தனக்கென்று வாய்விட்டுக் கேட்டது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

கமிட்டி மூன்று முறை கூடியது. ஒரு பாலம் கட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கக்கூட இவ்வளவு நேரம் ஆகாது. கடைசியில் ஒரு தீர்மானம் போட்டார்கள். பிரிவுபசாரத்துக்கு அக்காவும் நானும் போயிருந்தோம். சாப்பாட்டு அறையில்தான் வைத்திருப்பார்கள் என்று அக்கா நினைத்தாள். டை இல்லாதவர்கள் அங்கே நுழையக் கூடாதே! அதனால் கோட்டு மாட்டும் அறையில், நனைந்த குடைகளுக்கு நடுவே, நின்றபடி தேநீர் கொடுத்தார்கள். செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்மானத்தை வாசித்தார். நீண்ட சேவையைப் பாராட்டிக் கிளப்பின் டை இவருக்கு வழங்கப்படுகிறது. உறுப்பினர் அல்லாத காரணத்தால் அணியும் உரிமை வழங்கப்படவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

டையைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுக் கொடுத்தார்கள். கைக்கு எட்டியது கழுத்துக்கு எட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா வெடித்தாள். "கழுத்துல கட்டுறதைச் சுவத்துல மாட்டச் சொல்லிக் கொடுத்திருக்காங்க. நீங்களும் குனிஞ்சு வாங்கிட்டு வந்திருக்கீங்க. உடைச்சு எடுத்துக் கட்டுங்க, எவன் கேக்குறான்னு பார்க்கிறேன்!"

"விதின்னா விதிதான்" என்றார் அத்தான். ஊரான் கழுத்தில் அவிழ்த்த கை, தன் கழுத்துக்கு மட்டும் விட்டுக்கொடுக்குமா? ஆணி அடித்து மாட்டிவிட்டார். புதுச் சட்டையின் காலர் டையில்லாமலே போகட்டும் என்று எனக்கும் சொல்லி அனுப்பினார். எனக்கு அந்தக் கிளப்பின் மேல் வந்த கோபத்தைவிட அத்தான் மேல் வந்த கோபம்தான் அதிகம்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, காலையில் நான் கடையைத் திறக்கும்போதே வந்து நின்றார். கையில் அந்தச் சட்டம், பின்பலகை கழன்று தொங்கியது. கண்ணாடிக்குள் டை ஒரு நூல் கோணலாக இருந்ததாம். அவருக்கு அது தாங்குமா? நேராக்கலாம் என்று பின்பக்கத்தைக் கழற்றியிருக்கிறார். டையை எடுத்து என் மேஜைமேல் போட்டார். முன்பக்கம் பளபளவென்று இருந்தது. பின்னால் வர வேண்டிய மெல்லிய நுனியைக் காணோம். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று கத்தரியால் ஒரே வெட்டாக வெட்டியிருந்தார்கள்.

"வெட்டிட்டாங்கடா" என்றார். "கட்டக் கூடாதுன்னு சொன்னாங்க, சரின்னேன். கட்டவே முடியாதபடி வெட்டிட்டாங்க. நான் கட்டிடுவேன்னு பயம்கூட அவங்களுக்கு இல்லடா. நான் கட்டுவேன்னு யாருக்கும் தோணவே இல்ல."

நான் அத்தான் அழுது பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை.

"ஒட்டுப் போட முடியுமா மச்சான்?"

"விதி என்னாச்சு அத்தான்?"

"வெட்டினதுக்கப்புறம் என்னடா விதி?"

கருஞ்சிவப்புப் பட்டுக்கு நான் எங்கே போவேன்? வெட்டுத்துணிக் கூடையைக் கொட்டிக் கிளறினேன். கிடைத்தது கறுப்புத்துணி. அத்தானின் பணியாளர் கோட்டுக்கு வெட்டியதில் மிஞ்சியது. அதையே மடித்து, நுனியாக்கி, கழுத்துக்குப் பின்னால் ஒளிகிற இடத்தில் மூட்டினேன். கட்டிப் பார்த்தால் ஒட்டு இருப்பது கடவுளுக்கும் எனக்கும்தான் தெரியும். கண்ணைக் கட்டிக்கொண்டு முடிச்சுப் போடுகிறவருக்கு அன்று நாலு முறை தவறியது. ஐந்தாவது முறை விழுந்தது.

கல்யாணத்தன்று மண்டப வாசலில், மகள் பக்கத்தில், கருஞ்சிவப்பும் பச்சையுமாக நின்றார். மகள் அடிக்கடி திரும்பி அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அக்கா மாப்பிள்ளை வீட்டாரை விட்டுவிட்டுப் புருஷனையே சுற்றிச் சுற்றி வந்தாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டரை மணிக்கு ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது.

கிளப் தலைவர். மரியாதைக்குப் பத்திரிகை கொடுத்தால் மரியாதைக்கு வராமல் இருக்க வேண்டாமா? இந்த மனிதர் வந்தேவிட்டார். கூடவே செயலாளர். இருவர் கழுத்திலும் அதே கருஞ்சிவப்பு. தலைவர் மணமக்களுக்குக் கை கொடுத்தார், அக்காவுக்கு வணக்கம் சொன்னார். பிறகு அவர் பார்வை அத்தானின் முகத்திலிருந்து இறங்கி ஓரிடத்தில் நின்றது. செயலாளர் மேலே விட்டத்தைப் பார்க்கத் தொடங்கினார். அவிழ்க்கச் சொன்னால், கறுப்பு ஒட்டு மகளுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் முன்னால் தொங்கப்போகிறது.

தலைவர் ஒரு அடி முன்னால் வந்தார். லேசாகக் குனிந்தார். ரொம்ப மரியாதையாக, ரகசியம் போலச் சொன்னார்.

"உங்க டைல ஏதோ சிந்தியிருக்கு."

நான் அத்தானின் கையையே பார்த்தேன். வலது கை விரல்கள் ஒருமுறை அசைந்தன. கை எழவில்லை, தொங்கிய இடத்திலேயே நின்றது. அத்தான் நிதானமாகத் தலையைக் குனிந்தார். முடிச்சில் ஆரம்பித்து, ஒவ்வொரு கோடாக, அடி முனை வரைக்கும் பார்த்தார். முனையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பியும் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லையே சார். சுத்தமாத்தான் இருக்கு."

தலைவருடைய கை தானாகப் போய்த் தன் முடிச்சைப் பிடித்துக்கொண்டது. அத்தான் அந்தக் கையை மெதுவாக விலக்கிவிட்டு, அவர் காலரைத் தூக்கி, முடிச்சை இழுத்துச் சரிசெய்தார்.

"இப்போ சரியா இருக்கு. உள்ள போய்ச் சாப்பிடுங்க சார்."