அரை மணி ஆவும், பரவால்லியா?

"உள்ள இன்னா கீதுன்னு நல்லா பாத்துக்கினியாம்மா? அப்புறம் கல்யாண போட்டோ பூட்ச்சு, காதுகுத்து போட்டோ பூட்ச்சுன்னு என்னாண்ட வந்து நிக்கக் கூடாது." இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஞானகுமாரி கைப்பையின் ஜிப்பைத் திறந்திருப்பார். மூக்குக் கண்ணாடி, தைல பாட்டில், சின்ன ஸ்க்ரூ டிரைவர், சாவிக்கொத்து எல்லாம் மேசைக்கு வந்த பிறகு அடியிலிருந்து பென் டிரைவ் வெளிவரும். தொலைந்துபோகாமல் இருக்கச் சிவப்பு நூல் கட்டிய பழைய பென் டிரைவ். அதைச் சொருகி, கம்ப்யூட்டரை உயிர்ப்பித்து, நாலைந்து முறை தட்டிவிட்டு வீட்டுக்காரி முகத்தைப் பார்ப்பார். "அரை மணி ஆவும், பரவால்லியா?" பரவாயில்லை என்று பதில் வந்ததும் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்.

சென்னீர்குப்பத்திலிருந்து கரையான்சாவடி வரைக்கும், கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் வீட்டுப் பெண்கள் கூப்பிடுவது இவரைத்தான். வயது ஐம்பத்து மூன்று. ஒரு காலத்தில் பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்து டைப்பிங் சொல்லிக்கொடுத்தார். எல்லார் கையிலும் போன் வந்தபின் மாடிப்படி ஏற ஆளில்லை. சென்டரை மூடினார், 'டீச்சர்' என்ற பட்டம் மட்டும் கூடவே வந்துவிட்டது. கடையில் கொடுத்தால் உள்ளே இருக்கிற போட்டோவையெல்லாம் எவனாவது பார்ப்பானே என்று பயப்படுகிறவர்களுக்கு டீச்சர் என்றால் நிம்மதி. வீட்டுக்கே வருகிறார், கண்ணெதிரே விண்டோஸ் போடுகிறார், வாசலில் செருப்பைக்கூட ஜோடி சேர்த்து விடுகிறார்.

முந்தின நாளே போனில் விசாரணை நடக்கும். "வாங்கி எத்தினி வர்சம் ஆச்சு?" பழைய மெஷினுக்குப் பென் டிரைவை ஒரு விதமாகவும் புதியதற்கு வேறு விதமாகவும் தயார்செய்ய வேண்டும், மாற்றிச் செய்தால் மெஷின் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. காலையில் இட்லிப் பானையை ஏற்றிவிட்டுத் தன் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். விண்டோஸ் ஃபைலை வெறுமனே இழுத்துப் பென் டிரைவில் போட்டால் போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. "அது மூட்டைய கொண்டாந்து ஊட்ல போட்ட மாரி. அப்டியே கெடக்கும். தானா எந்திரிச்சு வேல பாக்கணும்னா அதுக்குன்னு ஒரு மொற கீது" என்பார். அந்த முறைக்கென்று உள்ள மென்பொருளைத் திறந்து, எந்த டிரைவ், எந்த ஃபைல் என்று காட்டினால், இதில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும், சம்மதமா என்று திரை கேட்கும். "அழிச்சிக்கோப்பா" என்று வாய்விட்டுப் பதில் சொல்வார். தன் வீட்டில் பெரும்பாலான நாட்களில் அவர் பேசும் முதல் வார்த்தை அதுதான்.

பேச ஆளில்லை என்பதே விஷயம். கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், பிறகு அந்தப் பேச்சையே எடுப்பாரில்லை. அம்மா இருந்தவரைக்கும் சண்டை போடவாவது ஒருவர் இருந்தார். தம்பி டேவிட் பெங்களூரில் இருக்கிறான். "வாக்கா, வந்து எங்களோட இரு" என்று போனில் சொல்வான். எப்போது என்று மட்டும் சொல்லமாட்டான். பெங்களூர் பஸ்ஸெல்லாம் அவர் வீட்டைத் தாண்டித்தான் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஐம்பது பேர் ஸ்தோத்திரம் சொல்வார்கள், மதியம் பார்த்தால் ஒற்றைத் தட்டு. தனிமை ஞானகுமாரியைத் தின்றது. அதை வெளியில் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

அதனால்தான் அந்த அரை மணி. திரையில் சதவிகிதம் ஊர்ந்து ஏறுகிறபோது எந்த வீட்டுக்காரியும் அதையே முறைத்துக்கொண்டு நிற்கமாட்டாள். காப்பி வரும், காப்பிக்குப் பின்னால் பேச்சு வரும். மெட்ரோ வேலைத் தூசியில் தொடங்கி மச்சினர் பொண்டாட்டியின் திமிரில் வந்து நிற்கும். அந்த நேரத்தில் டீச்சர் பூண்டு உரித்துக் கொடுத்திருக்கிறார், ஜாக்கெட்டுக்கு ஹூக் தைத்திருக்கிறார், யார் வீட்டுப் பிள்ளையையோ தோளில் போட்டு ஏப்பம் வரவழைத்திருக்கிறார். யாராவது, "இன்னா டீச்சர், இவ்ளோ ஸ்லோவா கீது?" என்று அலுத்துக்கொண்டால், "பொறுத்தார் பூமி ஆள்வார்மா" என்பார். பூமியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்யப்போகிறார்? காப்பி ஆறும்வரை பொறுத்தால் போதும்.

பென் டிரைவ் ஆமை என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. வேகமானது எந்தக் கடையிலும் கிடைக்கும். கேட்டால், "இது கைராசிங்க" என்று சொல்லி நகர்ந்துவிடுவார்.

இதற்கு வேட்டு வைத்தவள் தேவிப்பிரியா. கரையான்சாவடியில் கலைவாணியின் மகள், வீட்டிலிருந்தே ஏதோ கம்பெனிக்கு வேலை பார்க்கிற பெண். அந்த வீடு டீச்சருக்குத் தனி. மற்ற வீடுகளில் அவரை ஹாலோடு நிறுத்திவிடுவார்கள். கலைவாணி மட்டும், "இன்னா அங்கயே குந்திக்கினு கீற, உள்ள வா டீச்சர்" என்று சமையலறைக்கு இழுத்துப்போய் முக்காலியைப் போட்டுவிடுவாள். ஒரு நாள் அந்த முக்காலியிலிருந்து அவர் எழுந்து வந்தபோது, தேவிப்பிரியா ஒரு புதுப் பென் டிரைவைக் கையில் வைத்தாள்.

"உங்களுக்குத்தான் ஆன்ட்டி. அந்தப் பழசை வெச்சிக்கிட்டு எவ்ளோ கஷ்டப்படுறீங்க. இதைக் கம்ப்யூட்டர் பின்னாடி நீலக் கலர்ல இருக்குற போர்ட்ல போடுங்க, பறக்கும். கறுப்புல போட்டுடாதீங்க, பழைய மாதிரிதான் இழுக்கும்."

தனக்கென்று ஒருவர் யோசித்து வாங்கிய பொருள் கைக்கு வந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "தேங்க்ஸ்மா, கர்த்தர் ஆசீர்வதிக்கட்டும்" என்று அதைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டார்.

கொடுத்ததைப் பயன்படுத்தாமல் இருப்பது மரியாதையா? மறுநாளே சென்னீர்குப்பத்தில் ராஜம்மா வீட்டு மெஷினில் நீல போர்ட்டில் சொருகினார். தேவிப்பிரியா சொன்னது பொய்யில்லை, பறந்தது. சமையலறையிலிருந்து ராஜம்மா எட்டிப் பார்த்தபோது டீச்சர் பையை மூடிக்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ள ஆய்ட்ச்சா? இப்பதான் டீச்சர் பாலயே அடுப்புல வெச்சேன்!"

"பரவால்லமா, இன்னொரு நாளு குடிக்கிறேன்."

"சூப்பர் டீச்சர் நீ" என்று ராஜம்மா வாசல் வரைக்கும் வந்தாள். அவள் மருமகளுக்குக் குழந்தை பிறந்ததா, பெயர் என்ன வைத்தார்கள் என்று கேட்கத்தான் டீச்சர் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். கேட்கவில்லை. வேலை முடிந்த பிறகு நின்று பேசினால் வீண் வம்புக்கு நிற்கிற மாதிரி ஆகிவிடாதா? வேலை சுத்தமாக முடிந்துவிட்டதால் அந்த வீட்டில் இனி சீக்கிரம் கூப்பிடவும் மாட்டார்கள். அன்று வெயில் ஏறுவதற்கு முன்பே வீடு திரும்பிவிட்டார். வந்து என்ன செய்வதென்று தெரியாமல், துவைத்த துணியையே எடுத்து மறுபடி துவைத்தார்.

அடுத்த வீட்டுக்குச் சிவப்பு நூல் கட்டியதே போனது. புதுசு கைக்குட்டைக்குள் தூங்கியது. நன்றியில்லாதவள் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். திட்டிக்கொண்டே அந்த வீட்டில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் காப்பி குடித்தார்.

சிக்கல் போன வாரம் வந்தது. தேவிப்பிரியாவிடமிருந்து போன். அம்மாவுடைய கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க் போய், வேறு மாற்றியாயிற்று. விண்டோஸ் போட வேண்டும். "நானே போட்டுருவேன் ஆன்ட்டி, ஆனா அம்மா நீங்கதான் வரணும்னு அடம் பிடிக்கிறாங்க." போனை வைத்ததும் டீச்சர் கைக்குட்டையை அவிழ்த்துப் புதுசை எடுத்துப் பார்த்தார். எல்லா வீட்டையும் ஏமாற்றலாம், அந்த வீட்டில் எப்படிப் பழசை வெளியே எடுப்பது? கொடுத்தவள் கண்ணெதிரே இருப்பாள். எந்த வீட்டில் அவருக்கு அதிக நேரம் உட்கார ஆசையோ, அந்த வீட்டிலிருந்துதான் சீக்கிரமாக எழுந்து வர வேண்டும். இட்லிப் பானையை ஏற்றிவிட்டுப் புதுப் பென் டிரைவைத் தயார்செய்தார். அன்று திரை கேட்ட கேள்விக்கு அவர் வாய் திறக்கவில்லை.

கரையான்சாவடியில் படியேறும்போதே சோம்பு வாசனை வந்தது. "டீச்சர் வரன்னு சொன்னதும் வடைக்கு ஊறப் போட்டேன்" என்று கலைவாணி மாவுக் கையோடு வந்து நின்றாள். "உன்னாண்ட சொல்றதுக்கு மூட்ட மூட்டையா விசியம் கீது. இவ கல்யாண விசியம்தான். யாராண்டயும் வாயத் தொறக்கல, நீ வந்தாதான்னு வெச்சிக்கினு கீறேன்."

"வேலைய முடிச்சிட்டு வரேன் கலை."

தேவிப்பிரியா பக்கத்தில் வந்து பார்த்தாள். "நான் குடுத்ததுதான ஆன்ட்டி?"

"அதேதாம்மா" என்று டீச்சர் காட்டினார். அவள் முகம் மலர்ந்துபோயிற்று. "அப்ப சட்டுன்னு முடிஞ்சிரும்." அதற்குள் அவளுடைய போன் அடித்தது. "ஆபீஸ் கால் ஆன்ட்டி, இதோ வந்துடுறேன்" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டீச்சர் மேசைக்குக் கீழே குனிந்து, கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி, நீல போர்ட்டில் பென் டிரைவைச் சொருகினார். கையை எடுக்கவில்லை. சமையலறையில் எண்ணெய் காய்ந்து முதல் வடை விழுந்த சத்தம் கேட்டது.

"டீச்சர், எவ்ளோ நேரம் ஆவும்? முக்காலி போட்டு வெக்கட்டா?"

சாத்தியிருந்த கதவை ஒரு முறை பார்த்தார்.

"அரை மணி ஆவும் கலை, பரவால்லியா?" என்று குனிந்தவாக்கிலேயே குரல் கொடுத்துவிட்டு, நீலத்திலிருந்து உருவிய பென் டிரைவைக் கறுப்பில் சொருகி, கட்டைவிரலால் இறுக அழுத்தினார்.