ஆத்தாளிடம் மட்டும் சொல்லும் விளைச்சல்

பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். நம் வழிபாட்டு மன்றத்தில் ஒவ்வொருவராக எழுந்து அனுபவம் சொல்லும்போது, பின்னால் உட்கார்ந்து தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். எழுதுவதற்கும் எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் ஆத்தாள் காளியம்மன் செய்ததைச் சொல்லாமல் வைத்திருப்பது நெஞ்சில் கல்லாகக் கிடக்கிறது. பிழை இருந்தால் அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஜவ்வாது மலையில், காவலூருக்கு அப்பால் எங்கள் ஊர். சாமையும் புளியும் எங்கள் பிழைப்பு. என் மனைவி மல்லிகா இதே மலையில் பிறந்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் தபாலில் படித்து, பள்ளிக்கூட டீச்சர் ஆனாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மூன்று வருடத்துக்கு முன் லீவு போட்டுவிட்டு, பயன்பாட்டுப் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய மலைக்குக் கீழே, கீழ்நாட்டுக்குப் போனாள். மலையில் விளையும் சாமையில் வீட்டுக்கு எவ்வளவு நிற்கிறது, வியாபாரிக்கு எவ்வளவு போகிறது, கடைசியில் குடும்பத்துக்கு என்ன மிஞ்சுகிறது என்பதுதான் ஆராய்ச்சி.

போகச் சொன்னவன் நான்தான். ஆனால் அவள் போன பிறகு வீடு வீடாக இல்லை. ஒரு ஆளுக்குக் களி கிண்டுவது எப்படி என்று எனக்கு இன்று வரை பிடிபடவில்லை. எப்போதும் மிஞ்சிவிடும். மறுநாளும் அதையே தின்பேன். எங்கள் ஊரில் செல்போன் எடுக்காது. பாறை மேல் ஏறி நின்றால் சில நாள் அவள் குரல் கேட்கும், சில நாள் கேட்காது.

டீக்கடையில் என் மச்சான் சின்னப்பன் விட மாட்டான். "இன்னா மாமா, பொண்டாட்டிய படிக்க வுட்டுட்டு நீ அடுப்பு ஊதினுகீற! டாக்டரானா எங்களுக்கு ஊசி போடுமா?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

போன கார்த்திகையில்தான் சோதனை வந்தது. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. களத்தில் சாமை அடித்துக் குவித்த பிறகு, காளியம்மனுக்குப் படையல் போடும் வரை விளைச்சல் எவ்வளவு என்று யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டோம். சொன்னால் குவியல் இளைத்துப்போகும் என்பது நம்பிக்கை. படையல் அன்றைக்கு ஒவ்வொரு குடும்பத் தலைவனும் ஆத்தாள் முன்னால் நின்று, தன் விளைச்சலைச் சத்தமாகச் சொல்லிக் கும்பிடுவான். வழக்கமாகக் கார்த்திகையிலேயே படையல் நடந்துவிடும். மல்லிகாவும் அதைக் கணக்குப் பண்ணித்தான் வந்தாள். ஆனால் அந்த நேரம் பார்த்து எங்கள் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் காலமாகிவிட்டார். அவர் வீட்டில் தீட்டு. படையலைத் தை மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

அவளுடைய பேராசிரியரோ கார்த்திகை முடிவதற்குள் விவரம் எல்லாம் வந்தாக வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஏற்கெனவே ஒருமுறை தவணை நீட்டித்தாகிவிட்டது. இனி இல்லை. சொந்த ஊர்தானே, நமக்காகச் சொல்ல மாட்டார்களா என்று நம்பி வீடு வீடாகப் போய்க் கேட்டாள். எல்லா வீட்டிலும் ஒரே பதில். "இன்னாத்த வெளஞ்சிது டீச்சரே, ஒரு புடிகூட இல்ல." களத்தில் குவியல் கண்ணுக்கு எதிரே கிடக்கும்.

அன்று சாயங்காலம் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"போதும் மாமா. வுட்டுட்டு வூட்டுக்கே வந்துடுறேன்" என்றாள்.

அன்பர்களே, அந்த வார்த்தை என் காதில் எவ்வளவு இனித்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. அவள் விட்டுவிட்டால் என் வீட்டில் விளக்கு எரியும். களி மிஞ்சாது. விடிந்ததும் கோவிலுக்குப் போனேன். அவள் இங்கேயே இருக்க வேண்டும் என்று கேட்கத்தான் போனேன். ஆனால் ஆத்தாள் முகத்தைப் பார்த்ததும், சுவரில் சாய்ந்திருந்த அவள் முகம்தான் கண்ணில் நின்றது. "தாயே, இவங்க வாயத் தெறந்து வுடு. அவ படிப்ப முடிக்கட்டும். நான் தனியாவே இருந்துக்கிறேன்" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் அழுகை வந்துவிட்டது.

வெளியே வந்தால், எதிரே கவுண்டரின் மூத்த மகன் பழனி. மொட்டைத் தலையோடு நிற்கிறான். தீட்டு என்பதால் கோவில் எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கேட்டான்.

"இன்னா அண்ணே, கண்ணு இப்படி செவந்துகீது?"

வேறு நாளாக இருந்தால் தூசி விழுந்தது என்று சொல்லிப் போயிருப்பேன். ஊர்க்கூட்டத்தில்கூட ஒரு வார்த்தை பேசியவன் இல்லை நான். அன்று என்னவோ, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஆராய்ச்சி, தவணை, டீக்கடைச் சிரிப்பு, மிஞ்சிப்போகும் களி எல்லாம். நிறுத்த முடியவில்லை. ஊர்க்காரர்கள் வாயைத் திறக்கச் சொல்லித்தான் வேண்டினேன். ஆத்தாள் முதலில் என் வாயைத் திறந்தாள்.

பழனி கேட்டுக்கொண்டே நின்றான். பிறகு, "எங்க அப்பா இருந்தா படையல தள்ளிப் போட வுட்டிருக்க மாட்டார்ண்ணே. தீட்டு எங்களுக்குத்தான, சாமிக்கு இன்னா? நாங்க பங்காளிங்க ஒதுங்கிக்கிறோம். மத்தவங்க நடத்துங்க. நான் பேசுறேன்" என்றான். அப்பனைப் பறிகொடுத்தவன் எனக்காக அன்றைக்கே பெரியவர்களிடம் பேசினான்.

அந்த வெள்ளிக்கிழமையே படையல் நடந்தது. மல்லிகா ஆத்தாள் பக்கத்தில் பேனாவோடு நின்றாள். ஒவ்வொருவராக வந்து சொல்லச் சொல்ல எழுதினாள். சின்னப்பன் முறை வந்தது. "ஏழு மூட்டை, தாயே!" என்று கத்தினான்.

மல்லிகா சிரித்துவிட்டாள். "அண்ணே, போன வாரம் ஒரு புடிகூட இல்லன்னீங்களே?"

"அது உன்னாண்ட சொன்னது. இது ஆத்தாளாண்ட" என்றான்.

படையல் முடிந்ததும் களத்தில் உட்கார்ந்து, வீட்டுக்கு எவ்வளவு, வியாபாரிக்கு எவ்வளவு என்று அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்கள். ஆத்தாளிடம் ஒன்றும் இவளிடம் ஒன்றும் சொல்ல இனி யாருக்கு மனசு வரும்?

பேராசிரியர் ஏற்றுக்கொண்டார். இப்போது அவள் கடைசி அத்தியாயம் எழுதிக்கொண்டிருக்கிறாள். தனிமை எனக்குப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போதெல்லாம் டீக்கடையில் நானும் நாலு வார்த்தை பேசுகிறேன். பழனி வீட்டில் போய் உட்கார்ந்து வருகிறேன். நமக்கு வேண்டியதை நம்மைவிட ஆத்தாளுக்குத் தெரியும். உங்களில் யாருக்காவது மனசில் பாரம் இருந்தால், கேட்க நினைத்ததை விட்டுவிட்டு, அவள் கேட்க வைப்பதைக் கேளுங்கள். கைவிட மாட்டாள்.

படையலுக்கு மறுநாள் தூறல். மல்லிகா காலை பஸ்ஸில் கீழே போனாள். நான் அவளை ஏற்றிவிட்டு வந்து களத்தைக் கூட்டினேன். அன்றைக்கும் களி மிஞ்சியது.