திருவள்ளூரின் பொதுச்சுவர் வீடுகளும் நான் பார்த்த வேலையும்

போன வருடம் திருவள்ளூர்த் தேரடிப் பக்கம் ஒரு பழைய தெருவைப் பற்றி இங்கே எழுதியிருந்தேன். "நாங்களும் பார்க்கணும், எப்படிப் போவது?" என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். வழியைச் சரிபார்த்து எழுதலாமே என்று சென்ற ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். போகாமலே இருந்திருக்கலாம்.

சென்ட்ரலில் காலை 7.10 மின்சார ரயில். டிக்கெட் பத்து ரூபாய். 42 கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். தெருவின் பெயரைச் சொன்னதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார். "அந்தத் தேக்கு ஊட்ட பாக்கவா சார்? அத்தப் பிரிச்சி ஆறு மாசம் ஆவுது. இன்னாத்த பாக்கப் போறீங்கோ?"

தெருவைச் சொல்லிவிடுகிறேன். ஒரே வரிசையில் எட்டு வீடுகள். இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர், செங்கல்லும் சுண்ணாம்பும், இரண்டடி கனம். இரு வீட்டு உத்தரங்களும் இரண்டு பக்கமிருந்தும் அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். உத்தரத்தின் மேல் சின்னக் கட்டைகள், அவற்றின் மேல் சாய்த்து அடுக்கிய செங்கல். மெட்ராஸ் டெரஸ் என்பது இதுதான். பத்திரத்திலேயே 'பொதுச்சுவர்' என்று எழுதியிருக்கும். பக்கத்து வீட்டைக் கேட்காமல் அதில் ஆணிகூட அடிக்கமாட்டார்கள். பிற்பாடு முகப்பில் சிமெண்ட் ஜன்னல் வந்தது, அப்புறம் பாத்ரூம் டைல்ஸ் வாசலுக்கு வந்தது. கண்றாவிதான், ஆனாலும் சுவரை யாரும் தொடவில்லை.

போன முறை நான் இதையா எழுதினேன்? மூன்றாவது வீட்டு உத்தரத்தைப் பார்த்து வாயைப் பிளந்து, "பர்மா தேக்கு, இனி இப்படிக் கிடைக்காது" என்று படத்தோடு எழுதி, கதவு எண்ணையும் போட்டேன். பெரிய அறிவாளி!

அந்த வீடு இப்போது வெறும் மண்மேடு. பொதுச்சுவரில் உத்தரம் பிடுங்கிய ஓட்டைகள், ஒன்பது எண்ணினேன். சுவருக்கு அந்தப் பக்கம் நான்காவது வீட்டில் புவனா இருக்கிறார். கணவருக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலை வேலை. கூடம் முழுக்க சவுக்குக் கம்பு முட்டுகள். சுவரில் என் கை நுழையும் விரிசல்.

"பக்கத்து ஊட்டுக்காரரு திருநின்றவூரு ஃபிளாட்ல கீறாரு. மர வியாபாரிக்குக் குடுத்துட்டாரு, எங்கள ஒரு வார்த்தை கேக்கல" என்றார் புவனா. "செவுத்துல கடப்பாரை போட்டப்ப சண்டைக்குப் போனேன். அந்த வியாபாரி செல்போன எடுத்துக் காட்றான், 'இதுல போட்டுக்கீதும்மா, பர்மா தேக்குன்னு.'"

"அதை எழுதினது நான்தாம்மா" என்றேன். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. வேலியில் போகிற ஓணானை எடுத்துத் தன் மடியில் விட்டுக்கொண்டவனையாவது மன்னிக்கலாம். நான் அடுத்தவர் மடியில் விட்டவன். வெட்கமாக இருந்தது.

சாய்ந்திருந்த முட்டு ஒன்றை நிமிர்த்திவிட்டு அவரே கேட்டார். "எங்க ஊட்டையும் எழுதறீங்களா சார்? இந்த மழைக்குத் தாங்காதுன்னுட்டாரு மேஸ்திரி. செவுரு வுழுந்தா உத்தரமும் ஒடஞ்சிபூடும். அதுக்குள்ள அந்த வியாபாரி வந்து காசு குடுத்து எடுத்துக்கினு போனான்னா, இந்த எடத்துலயே ஷீட்டு போட்டு ஒரு ரூமாவது கட்டிக்குவோம். எங்களுக்கு வேற ஊடு கெடையாது."

போக நினைப்பவர்களுக்கு: வெயிலுக்கு முன் ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். திரும்ப 11.40க்கு ரயில் உண்டு. படம் எடுங்கள், எண்ணைப் போடாதீர்கள். மழைக்காலத்துக்குப் பிறகு போகிறவர்கள் எத்தனை வீடு மிச்சம் என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

மர வியாபாரிகளுக்கு: நான்காவது வீடு. ஒன்பது உத்தரம், பர்மா தேக்கு, பன்னிரண்டடி நீளம், கரையான் இல்லை. உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள். கேட்டுவிட்டுக் கழற்றுங்கள்.