நகம் கடித்தவரும் என் சாவி யோசனையும்

மூன்றாம் வகுப்போடு நின்ற நான் கம்பத்தில் திராட்சைக்குக் குளிர்கிடங்கு கட்டினேன். வண்டிகளை உள்ளே விடச் சீட்டு அடிக்கக் கம்ப்யூட்டரும் வாங்கி வைத்தேன். அறுவடை நேரத்தில் அது அசையாமல் நின்றுவிட்டது. சீட்டு வராமல் பழவண்டிகள் வெயிலில் கிடந்தன. அதைச் சரிசெய்ய வந்த நரைத்த தலைக்காரர் நகத்தைக் கடித்துக்கொண்டே இருந்தார்.

“நகம் முடிஞ்சுச்சு, அடுத்து விரலா சார்? பழம் அழுகுதுய்யா!”

“உள்ள ஓடுற ரெண்டு வேலை மாட்டிக்கிச்சு. பழைய ஃபைலை நீக்கி மெமரியைக் காலி பண்ற வேலை, ஒரு பூட்டைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு பூட்டுக்குக் காத்திருக்கு. அந்தப் பூட்டை வச்சிருக்கிற வேலை, மெமரி காலியாகட்டும்னு காத்திருக்கு. ரெண்டும் அப்படியே நிக்குது.”

“எதுக்கு நிக்கணும்? இங்கன ரூம் பூட்டிக் கெடந்தா எங்க ஆளுக கையில உள்ள சாவிய ஆணியில மாட்டிட்டு, அடுத்த ரூமைக் காலி பண்ணப் போயிருவாக. பெறகு வந்து பாப்பாக.”

கடிப்பதை நிறுத்தினார். நான் சொன்னபடியே புரோகிராமை மாற்றி எழுதினார், சீட்டு வந்தது. அந்தத் திருத்தத்தை, அதே புரோகிராமை வைத்திருக்கும் உலகத்துக்கே அனுப்பினாராம், கீழே தன் பெயரை மட்டும் போட்டு. அவர் நல்லவர்தான். ஆனாலும் என் பெயரையும் அதில் சேர்க்க வேண்டும்.