ஒரு ஜாண் பை

பை வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் கையை வீசிக்கொண்டுதான் போவார்கள். என் அம்மா, அந்தப் பைக்குள் போடப்போகிற சாமான்களையெல்லாம் ஒரு துண்டில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு தி.நகருக்குப் புறப்பட்டாள். டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், மாற்றுப் புடவை, குடை, மாத்திரை அட்டை, வீட்டுச் சாவி. எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். தீபாவளி முடிந்த ஞாயிற்றுக்கிழமை. ரங்கநாதன் தெருவில் கூட்டம் கொஞ்சம் வடிந்திருந்தது என்று சொன்னார்கள். எனக்கென்னவோ மனிதர்களின் இடுப்புகள்தான் தெரிந்தன. மூட்டையும் கையுமாக அம்மா, அவள் முந்தானையைப் பிடித்தபடி நான், எங்களைத் தெரியவே தெரியாது என்கிற மாதிரி நாலடி முன்னால் சித்தி. சித்தி எங்களோடுதான் இருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. தீபாவளி வரை மூச்சுவிடக் கூட லீவு தராத கடை, முடிந்ததும் பெரிய மனது பண்ணி இரண்டு நாள் கொடுத்திருந்தது. அதில் ஒரு நாளை அக்காவின் பைக்காகத் தியாகம் செய்கிறோம் என்ற நினைப்பு அவள் நடையிலேயே இருந்தது.

அதற்கு முந்தின வருஷம் வரை அம்மாவிடம் பை என்று ஒன்று கிடையாது. தேவைப்படவில்லை. அடையாற்றுக் கரையில் எங்கள் வீடு. அவள் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துத் தரை துடைத்த அடுக்குமாடிக் கட்டடம் மந்தைவெளியில், நடக்கிற தூரம். சாவி இடுப்பில், சில்லறை ஜாக்கெட்டுக்குள், அவ்வளவுதான் அவள் சொத்து. மதியம் பசித்தால் வீட்டுக்கு வந்து சாப்பிடுவாள். புடவை நனைந்தால் வந்து மாற்றிக்கொள்வாள். தலை வலித்தால் வந்து கொஞ்ச நேரம் கட்டையைச் சாய்ப்பாள். ஒரு பெருமழைக்குப் பிறகு, ஆற்றோரத்தில் யாரும் இருக்கக் கூடாது என்று எங்களை லாரியில் ஏற்றி, ஊர் முடிகிற இடத்தையும் தாண்டி, ஆறாவது மாடியில் ஒரு வீட்டைக் கொடுத்து விட்டுவிட்டுப் போனார்கள். வீட்டைக் குறை சொல்லக் கூடாது. தண்ணீர் ஏறாத வீடு. ஆனால் வேலை எங்களோடு லாரியில் ஏறி வரவில்லை. அது மந்தைவெளியிலேயே நின்றுவிட்டது. பெயிண்ட் அடிக்கிற அப்பா எங்கே வேலையோ அங்கே போனார். அம்மாவுக்கு அந்த மூன்று வீடுகளை விட்டால் வேறு கதியில்லை. விடியலில் பஸ் ஏறினால் இருட்டிக்கொண்டு வரும்போதுதான் திரும்புவாள். அதுவரை வீடு செய்த வேலையையெல்லாம் இனி ஒரு பைதான் செய்தாக வேண்டும்.

முதலில் அவள் எடுத்துப் போனது சித்தி கடையின் கட்டைப்பை. பெரிய பை; என்னையே உள்ளே உட்காரவைக்கலாம். எல்லாச் சாமானும் அடங்கியது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் மூன்றாவது மாடியில் யாருடையதோ ஒரு கைக்கடிகாரம் காணாமல் போயிற்று. வேலைக்கு வருகிறவர்கள் பெரிய பை கொண்டுவந்தால் வெளியே போகும்போது கேட்டில் திறந்து காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கடிகாரம் ஒரு வாரத்தில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து கிடைத்துவிட்டது. விதி மட்டும் அப்படியே நின்றது.

அம்மா அதைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நனைந்த புடவையைப் பார்த்து வாட்ச்மேன் என்ன செய்யப்போகிறார் என்று சிரித்தாளாம். ஆனால் ஒரு நாள் இரண்டாவது மாடி மாமி எனக்கென்று சேமியா பாயசம் கொடுத்தனுப்பினாள். அன்றைக்கென்று வாட்ச்மேனோடு மேற்பார்வை ஆள் ஒருவரும் நின்றிருந்தார். டப்பா மூடியைத் திறந்தார்கள். யார் கொடுத்தது என்று கேட்டார்கள். மாமி வீட்டுக்கு போன் போட்டால் எடுக்கவில்லை, மத்தியானத் தூக்கம். மாமி எழுந்திருக்கும் வரை அம்மாவைக் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். கூட வேலை பார்க்கிற பெண்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். கடைசியில் மாமி எழுந்து, “நான்தான் குடுத்தேன். இதுக்குப் போயா தூங்கிண்டிருக்கறவாளை எழுப்புவா?” என்று சலித்துக்கொண்டு போனை வைத்தாள். அவளைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது.

அன்று வீட்டுக்கு வந்த அம்மா என்னிடம் டப்பாவை நீட்டிவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தாள். நான் பாயசத்தை வழித்து வழித்துத் தின்றுகொண்டிருக்கும்போது அவள் அழுதாள். வெளிப்படையாக, மூக்கைச் சிந்திக்கொண்டு. “திருடி மாரி நிக்க வெச்சிட்டாங்கடி” என்றாள் சித்தியிடம். “இனிமே அந்தக் கேட்டுல எவனும் என்னிய நிறுத்தி, பையைத் தொறன்னு கேக்கக் கூடாது. அது ஒண்ணுதான் எனக்கு வோணும்.”

மறுநாள் அவளே வாட்ச்மேனிடம் நேராகப் போய்க் கேட்டுவிட்டாள். “எம்மாம் பெருசு இருந்தா பெரிய பைண்ணே?” வாட்ச்மேன் கெட்டவர் இல்லை. அவருக்கும் சங்கடம்தான். யாரும் அவருக்கு அளவு சொல்லித் தரவில்லை. யோசித்துவிட்டு, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து மேஜைமேல் வைத்துக் காட்டினார். “இந்தா, இதுக்குள்ள இருந்தா நான் கேக்க மாட்டேம்மா. அதுக்கு மேல போச்சுன்னா என்னைத்தான் திட்டுவாங்க.” அம்மா தன் கையை அவர் கைக்குப் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்த்தாள். அவருடைய ஜாண் அவளுடைய ஜாணை விட இரண்டு விரற்கடை அதிகம். அந்த அளவோடுதான் நாங்கள் தி.நகருக்கு வந்திருந்தோம்.

தெருவோரக் கடை ஒன்றில் சைடு பேக்குகள் குலைகுலையாகத் தொங்கின. தோளில் குறுக்காக மாட்டிக்கொள்கிற பைகள். பஸ் நெரிசலில் கை இரண்டும் சும்மா இருக்கும், முன்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டால் எவனும் பிளேடு போட முடியாது என்று சித்தி வழியெல்லாம் பாடம் நடத்தியிருந்தாள். அம்மா ஒவ்வொரு பையாகக் கழற்றச் சொல்லி, தன் ஜாணை வைத்து, மேலே இரண்டு விரலையும் சேர்த்து அளந்தாள்.

“இன்னாக்கா, மல்லிப்பூவா வாங்குறே? மொழம் போட்டுக்கினு கீறே?” என்றார் கடைக்காரர்.

“இது வாட்ச்மேன் ஜாணுப்பா” என்றாள் அம்மா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடைக்காரர் சித்தியைப் பார்த்தார். சித்தி தெருவைப் பார்த்தாள்.

அளவுக்குள் அடங்கிய பை ஒன்று கிடைத்ததும் அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தாள். குடை நுழையவில்லை. புடவையைப் போட்டால் டப்பாவுக்கு இடமில்லை. டப்பாவைப் போட்டால் ஜிப் பாதியில் நின்றது. டப்பாவை நிமிர்த்தி வைத்தாள், சாய்த்து வைத்தாள், பாட்டிலைத் தலைகீழாகச் செருகினாள். “யக்கா, அது பை. பீரோ இல்ல” என்றார் கடைக்காரர். பக்கத்தில் நின்ற இரண்டு காலேஜ் பெண்கள் சிரித்தார்கள். சித்திக்குப் பொறுக்கவில்லை.

“அவங்களப் பாரு. போனு, பர்சு, சீப்பு. இம்மாம் பையில போட்டுக்கினு சொம்மா ஸ்டைலா போறாங்க. நீ ஏன்க்கா குடும்பத்தையே தூக்கிக்கினு அலையுறே?”

“அவங்களுக்குச் சோறு போற எடத்துல கீதுடி. அவங்க இன்னா, புடவையை நனைச்சிக்கினா வேலை செய்றாங்க?”

தொழில் தெரிந்தவள் என்ற முறையில் சித்தி ஒன்று சொன்னாள். அவள் கடையிலும் வேலை முடிந்து வெளியே வரும்போது பெண்களைத் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். “அளவு மட்டும் போதாதுக்கா. பை உப்பிக்கினு இருந்தா எவனுக்கும் கண்ணு போவும். வயிறு ஒட்டிக்கினு இருந்தா ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான்.”

அம்மா ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். குடையைத் துண்டில் போட்டாள். நனைவது என்ன புதுசா என்றாள். புடவையையும் அதில் போட்டாள், நனைந்தது பஸ்ஸில் காற்றுக்குக் காய்ந்துவிடும் என்றாள். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு நான் பிஸ்கட் கொண்டுபோகும் தட்டை டப்பாவைத் தனக்குக் கொடுக்கிறாயா, உனக்குப் புதுசு வாங்கித் தருகிறேன் என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பூனைப் படம் போட்ட புது டப்பா அன்றே கிடைத்தது. எனக்குச் சிவப்பில் தங்கச் சங்கிலி வைத்த பைதான் பிடித்திருந்தது. அம்மா அழுக்குத் தெரியாத காப்பி நிறத்தை எடுத்தாள். தோளில் மாட்டிக்கொண்டு கடைக் கண்ணாடியில் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தாள். சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தாள். தரமணியில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற அக்காக்களைப் போல இருக்கிறாய் என்று நான் சொன்னேன். அவள் முகம் மலர்ந்து, கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தாள்.

பை வேலை செய்தது. வாட்ச்மேன் கேட்கவில்லை. கட்டைப்பைக்காரப் பெண்கள் வரிசையில் நிற்க, அம்மா அவர்களைத் தாண்டி நடந்து வந்துவிடுவாளாம். முதல் வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அடுத்த சில வாரங்களில் என் பிஸ்கட் டப்பா அலமாரிக்குத் திரும்பி வந்துவிட்டது. அது இருந்தால் பை முன்பக்கம் புடைக்கிறது என்றாள். மாமி கொடுப்பதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறாள் என்று தெரிந்தபோது எனக்கு மகா கோபம். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் மாடிப் பெண்கள், “இன்னாம்மா, ஸ்லிம்மாய்க்கினே போறே?” என்று அவளைக் கேலி செய்தார்கள். பை வந்த நேரம் அம்மாவுக்கு ஸ்டைல் கூடிவிட்டது என்று நான் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

அரையாண்டு லீவில் வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், ஒரு நாள் அம்மா என்னையும் வேலைக்குக் கூட்டிப் போனாள். லீவுப் பாடமும் கலர் பென்சிலும் வைத்து என் பள்ளிக்கூடப் பையையும் எடுத்துக்கொண்டேன். மாமி வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து ஒரு மயில் வரைந்து முடித்தேன். மதியம் பூனை டப்பாவிலிருந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன். நீ சாப்பிடவில்லையா என்றதற்கு அம்மா பசியில்லை என்று சொல்லி, பாட்டிலை அண்ணாந்து பாதி குடித்தாள். மூன்று வீடும் முடிந்து நாங்கள் கீழே இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. அவள் புடவையின் கீழ்ப்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

கேட்டில் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்க்கக்கூட இல்லை. அம்மா பத்தடி தள்ளி வரும்போதே ஜிப்பை இழுத்துவிட்டாள். அவர் முன்னால் வந்ததும் பையை நன்றாக விரித்து, உள்ளே இருப்பது தெரியும்படி சாய்த்துக் காட்டினாள். சாவி, மாத்திரை அட்டை, பாட்டில். அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே, “போம்மா, போ” என்று கையை ஆட்டினார்.

இது இந்த இடத்து மரியாதை போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. பள்ளிக்கூடத்தில் டீச்சரைப் பார்த்தால் வணக்கம் சொல்கிறோமே, அது போல. எனக்கும் காட்டுவதற்கு நிறைய இருந்தது. என் பையை இறக்கி அவர் மேஜைமேல் வைத்துத் திறந்து, மயிலையும் பென்சில்களையும் பூனை டப்பாவையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். “தாத்தா, என்னுதையும் பாருங்க.”

அவர் சிரித்துவிட்டார். “ஐயே, உன்னுது வோணாம் பாப்பா.”

முதுகில் சுளீரென்று ஓர் அடி விழுந்தது. அதுவரை அம்மா என்னை அடித்ததே இல்லை. நான் அழக்கூட மறந்து நின்றேன். அவள் எல்லாவற்றையும் வாரி என் பைக்குள் திணித்தாள். ஒரு பென்சில் உருண்டு நாற்காலிக்கடியில் போயிற்று. அவர் குனிந்து எடுக்கப் போனபோது, “வுடுண்ணே, கிடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பஸ்ஸில் அதிசயமாக ஜன்னலோரம் கிடைத்தது. என்னை மடியில் வைத்துக்கொண்டாள். புடவையின் ஈரம் என் காலில் சில்லென்று பட்டது. அடித்த இடத்தை அவளே தேய்த்துவிட்டாள். விசும்பல் நின்றதும் நான் கேட்டேன்: “அவரு கேக்கவே இல்லியேம்மா. நீயாதானே காமிச்சே?”

அடையாற்றுப் பாலம் வந்தது, போயிற்று.

“கேக்கறதுக்கு முன்னாடியே காமிச்சிட்டா, கேட்ட மாரி ஆவாதுடி.”

“அப்ப நானும் கேக்கறதுக்கு முன்னாடிதானே காமிச்சேன்? என்னிய ஏன் அடிச்சே?”

அம்மா என்னை இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். நான் என் பையை மடியில் நிமிர்த்தி, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து அளந்து பார்த்தேன். இரண்டு ஜாணுக்கு மேல் போயிற்று. ஓகோ, இதற்குத்தான் அடித்திருக்கிறாள் என்று புரிந்துவிட்டது எனக்கு. அடுத்த வருஷம் இதைவிடச் சின்னப் பையாக வாங்கித் தரச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, அவள் தோளில் சாய்ந்து தூங்கிப் போனேன்.