பக்கிரி கொண்டுவந்த பூட்டு

‘மாடவீதி மித்திரன்’ பத்திரிகைக்கு ஒரு சைக்கிள் இருந்தது. அதை ஓட்டத் தெரிந்த நிருபர்தான் இல்லை. பக்கிரிக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும், எழுதப் படிக்கத் தெரியாது. முதலாளி ஒரு வாரம் யோசித்தார். எழுதத் தெரிந்தவரை ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைத்து, பக்கிரியைச் சைக்கிளில் ஏற்றிவிட்டார். 1934-ல் மயிலாப்பூரில் நிருபர் உத்தியோகம் இப்படியும் கிடைத்தது.

பக்கிரி நொச்சிக்குப்பத்துக்காரன். அப்பாவுக்குக் கட்டுமரம். பக்கிரிக்கோ அலையைப் பார்த்தால் வாந்தி. குப்பத்தில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. ‘கரைவாழ் மீன்’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். சாந்தோமில் ஒரு துரை வீட்டில் கடுதாசி கொண்டுபோகும் வேலைக்குச் சேர்ந்து, துரை தூங்கும் மத்தியானங்களில் அவருடைய சைக்கிளைக் கடற்கரை மணலில் ஓட்டிப் பழகினான். மணலில் பழகியவனுக்கு மற்ற ரோடெல்லாம் வெண்ணெய். துரை சீமைக்குக் கப்பலேறியபோது பக்கிரிக்கு மிஞ்சியவை ஒரு காக்கிச் சராயும் அந்த வித்தையும்தான்.

மித்திரனின் சைக்கிளுக்கு மணி கிடையாது. எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். பிரேக்கும் நம்பத்தக்கதல்ல. லஸ் முனையில் டிராம் குறுக்கே வந்தால் வெறுங்காலைத் தரையில் தேய்த்து நிறுத்துவான். மணிக்குப் பதில் வாய். “ஓரம் போ நைனா, பேப்பரு வருது!” என்று அவன் கத்திக்கொண்டே போக, ஜனங்கள் ஓரம் போகாமல் குறுக்கே வந்து செய்தி சொல்வார்கள். தெப்பக்குளத்தில் விழுந்த எருமை, கவிழ்ந்த ஜட்கா, சபா கச்சேரியில் முன்வரிசை நாற்காலிக்காக நடந்த கைகலப்பு, எல்லாம் அவன் தலைக்குள் ஏறும். இரண்டரை மணிக்குக் கச்சேரி ரோடு ஆபீசில் நின்று வரிசை தப்பாமல் ஒப்பிப்பான். உதவி ஆசிரியர் எழுதுவார். நாலரைக்குப் பேப்பர் வெளியே வரும்.

திருவல்லிக்கேணிக்காரர் ஒருவர் உதவி ஆசிரியராக இருந்தவரை இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. அவர் சர்க்கார் உத்தியோகம் கிடைத்துப் போனார். கும்பகோணத்திலிருந்து அனந்தராமன் வந்தார். நல்ல தமிழ், முத்து முத்தான எழுத்து. பட்டணத்துக்கு வந்து நாலே நாள்.

அந்த வாரம் மாடவீதிப் பெரியவர்கள் ஒரு மனு கொடுத்திருந்தார்கள். மீன் மார்க்கெட்டின் வாசனை கோயில்வரை வருகிறதாம். கவுன்சிலர் சூடாமணி முதலியார் புதன்கிழமை நேரில் பார்க்க வந்தார். தேர்தலுக்கு இரண்டு மாதம் இருந்ததால் வந்தார் என்றும் சொல்லலாம். வெள்ளைச் சட்டை, ஜரிகை அங்கவஸ்திரம், நெற்றி நிறைய விபூதி, சுத்த சைவர் என்று ஊரில் பேர். அரை நிமிஷம் நின்றார். கிளம்பிவிட்டார்.

பக்கிரி ஆபீசுக்கு வந்து சொன்னான்: “மெம்பரு வந்தாரு சாமி. மார்க்கெட்டாண்ட நின்னாரு. மூக்கப் பொத்திக்கினாரு. ஒடனே பூட்டாரு.”

‘போய்விட்டார்’ என்பதைத்தான் இந்த ஊர் அப்படிச் சொல்லும். பட்டணத்தில் பிறந்த காக்கைக்கும் இது தெரியும். கும்பகோணத்துக்குத் தெரியாது.

“உடனேவா?” என்று கேட்டார் அனந்தராமன், வியப்போடு.

“ஒரு செகண்டு கூட நிக்கல சாமி.”

நாலரை மணிக்கு வெளிவந்த மித்திரனின் முதல் பக்கம்: ‘மீன் மார்க்கெட்டுக்குப் பூட்டு! கவுன்சிலரின் துணிகரச் செயல்.’

மறுநாள் காலை டீக்கடைக்காரர் அதை உரக்கப் படித்தபோது மார்க்கெட்டில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. பக்கிரியின் மனைவி கெங்கம்மா, கையில் வஞ்சிரமும் கத்தியுமாக நிமிர்ந்தாள்.

“யோவ், இன்னாய்யா இது? கதவே இல்லாத மார்க்கெட்ட எந்தக் கஸ்மாலம் பூட்டுச்சு?”

“நான் பூட்டாருன்னுதான் சொன்னேன், கெங்கா.”

“அதான் அந்த அய்யரு பூட்டுனாருன்னு எழுதிக்கிறாரு. நீயும் ஒன் வாயும்!”

அதுவரைக்கும் அது சிரிப்புத்தான். மார்க்கெட் என்பது எட்டுத் தூணும் ஓட்டுக் கூரையும், சுற்றி இடுப்புயரச் சுவரும். மூன்றடிச் சந்து ஒன்று வாசல். மாடவீதியில் ஒருவருக்கும் இது தெரியாது, ஒருவரும் அந்தப் பக்கம் போனதில்லை. அதனால் பூரித்துப்போனார்கள். கவுன்சிலர் வீட்டுக்கு எலுமிச்சம்பழமும் மாலையும் போயின. ஒரு சபா பொன்னாடை போர்த்தத் தீர்மானம் போட்டது. முதல் மாலை விழுந்தபோது முதலியார், “நான் எங்கே...” என்று ஆரம்பித்தார். மூன்றாவது மாலைக்கு, “எல்லாம் கபாலி கிருபை” என்றார். பொழுது சாய்வதற்குள் தச்சனைக் கூப்பிட்டு மார்க்கெட்டுக்கு ஒரு கதவு செய்யச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை பத்து மணிக்கு மெய்யாகவே பூட்டுவதாக ஏற்பாடு.

சிரிப்பு அடங்கிவிட்டது. கெங்கம்மாவுக்கு அந்த மூன்றாவது தூணடி அவள் அம்மா உட்கார்ந்த இடம். அதை விட்டால் ஜாம்பஜார்தான். கூடையைத் தலையில் வைத்து அங்கே நடந்து சேர்வதற்குள் மீன் பாதி வெந்துவிடும். சேர்ந்தாலும் உட்கார இடம் தரமாட்டார்கள்.

பக்கிரி முதலாளியிடம் போனான். “திருத்தம் போடுங்க மொதலாளி.”

“திருத்தம் போட்டால் மித்திரன் பொய் சொன்னதாக ஆகிவிடும்டா. சனிக்கிழமை அவர் பூட்டிவிட்டால் நாம் எழுதியது மெய்யாகிவிடும். இரண்டு நாள் பொறுத்துக்கொள்.”

“எங்க பொழப்பு பூடும் மொதலாளி!”

“இன்னும் ஒரு வார்த்தை பேசினால் சைக்கிள் பூடும்.”

அனந்தராமன் வெளியே வந்து, எண்ணெய் வைத்த குடுமியைத் தடவிக்கொண்டு நின்றார். “நீ சொன்னது காதிலே அப்படித்தான் விழுந்தது பக்கிரி. கதவு இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். திருத்தம் நான் போட முடியாது. செய்தி போடலாம். சனிக்கிழமை அவர் பூட்டாமல் போனார்னா, கொண்டு வா. முதல் பக்கம்.”

வீட்டில் கெங்கம்மா இதைக் கேட்டுக்கொண்டே கத்தியைக் கல்லில் தீட்டினாள்.

“மால போட்டாங்களே, அந்தப் பெரியமனுசங்க அத்தினி பேரையும் சனிக்கெழம மார்க்கெட்டாண்ட கூட்டியாருவியா?”

“நாத்தம்னு மனு குடுத்தவங்க, எப்டி வருவாங்க?”

“ஒனக்கு வாய் கீது, சைக்கிள் கீது. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

“மொதலாளி சைக்கிளப் புடுங்கிட்டா?”

“நடந்து போ. ஒங்கப்பன் கடல்ல நடக்கலியா?”

அவர் நடக்கவில்லை, கட்டுமரத்தில்தான் போனார். அதைச் சொல்லும் நேரம் அதுவல்ல என்று பக்கிரிக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து அவன் மிதித்தான். நாலு மாடவீதி, லஸ், மந்தவெளி, திரும்பவும் நாலு மாடவீதி. ஒவ்வொரு வாசலிலும் காலைத் தேய்த்து நிறுத்தி ஒரே சேதி: “பத்து மணிக்கு மெம்பரு மார்க்கெட்டப் பூட்றாரு. வர்றவங்க பேரெல்லாம் பேப்பர்ல வருது.” பேப்பரில் பேர் வரும் என்றால் மயிலாப்பூர் எந்த வாசனையையும் பொறுத்துக்கொள்ளும். ஒன்பதே முக்காலுக்கு அங்கே அறுபது பேர், மூக்கில் அறுபது அங்கவஸ்திர நுனி.

கதவு புதிதாக, பச்சை மரவாசனையோடு நின்றது. முதலியார் தாம்பாளத்தில் பூட்டு வைத்து எடுத்துவந்தார். தேங்காய் அளவு பித்தளைப் பூட்டு, சந்தனம் குங்குமம் வைத்தது. சாவி அவருடைய சட்டைப் பையில். பெண்கள் கூடைகளோடு வெளியே நின்றார்கள். ஒருத்தியும் சத்தம் போடவில்லை. பக்கிரிக்கு அதுதான் பயமாக இருந்தது.

முதலியார் பூட்டைக் கையில் எடுத்தார். கெங்கம்மா முன்னால் வந்தாள். கையில் வாழையிலைப் பொட்டலம். அதில் வால் வெளியே தெரிய ஒரு வஞ்சிரம்.

“மொதலியாரே, கும்புடறேன். இன்னிக்கு ஒங்க ஊட்டு ஆளு வரல. நாளிக்கி ஜாம்பஜாருக்குப் போய்க்கினு இருப்பேன், இதக் கையோட எடுத்துக்கினு போய்டுங்க. ஒங்களுக்குப் புடிச்ச நடுத்துண்டு. எறா நாளிக்கிதான் வரும்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க.”

“யாருக்கு? யார் வீட்டுக்கு?” என்றார் முதலியார்.

“இன்னா இப்டிக் கேக்கறீங்க? ஆறு வருசமா தெனம் குடுக்கறேனே. அம்மாவாசைக்கு மட்டும் கருவாடு, அது சைவம்னு நீங்கதானே சொல்லி அனுப்பனீங்க?”

அறுபது அங்கவஸ்திர நுனியும் மூக்கிலிருந்து இறங்கின. பொன்னாடைத் தீர்மானம் போட்ட சபாக் காரியதரிசி, முதலியாரின் நெற்றி விபூதியைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். முதலியார் பொட்டலத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பூட்டைக் கதவின் மேலேயே வைத்துவிட்டு ஜட்காவை நோக்கி நடந்தார். நடை ஐந்தாவது அடியில் ஓட்டமானது. பின்னால் பெண்கள் போட்ட சிரிப்பு சாந்தோம்வரை கேட்டிருக்கும்.

பக்கிரி சைக்கிளைப் பாய்ச்சிக்கொண்டு ஆபீசுக்கு வந்தான். மூச்சு வாங்கியது.

“சாமி! பூட்டாரு!”

அனந்தராமன் பேனாவைத் தூக்கிப் பிடித்தார். இந்தத் தடவை அவர் ஏமாறுவதாக இல்லை. “எந்தப் பூட்டாரு?”

“பூட்டாம பூட்டாரு சாமி!”

அவர் அதை அப்படியே எழுதினார். முதலாளி ஓடிவந்து, “இது என்ன தமிழய்யா?” என்று கத்துவதற்குள் அச்சுக் கோத்தாகிவிட்டது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்து: ‘கவுன்சிலர் பூட்டாமல் பூட்டார்.’ கீழே, வந்திருந்த அறுபது பேருடைய பெயரும். அறுபது பேரும் தலைக்குப் பத்துப் பிரதி வாங்கியதால் முதலாளி திருத்தத்தைப் பற்றியும் சைக்கிளைப் பற்றியும் பேச்சே எடுக்கவில்லை.

மார்க்கெட் அங்கேயே இருந்தது. கதவும் இருந்தது. கெங்கம்மா அதைப் படுக்கப் போட்டு, மேலே மீன் வெட்டினாள். நல்ல பலகை என்று அவளே ஒப்புக்கொண்டாள்.

பூட்டை யாரும் கேட்கவில்லை. சாவி முதலியாரோடு போய்விட்டதால் அது யாருக்கும் பயன்படவும் இல்லை. பக்கிரி அதைச் சைக்கிளின் ஹாண்டில்பாரில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டான். மேடுபள்ளத்தில் அது கம்பியில் இடித்து ‘டணங் டணங்’ என்று அடித்தது. அதற்குப் பிறகு அவன் “ஓரம் போ” என்று கத்த வேண்டியிருக்கவில்லை. லஸ் முனையில் அந்தச் சத்தம் கேட்டால் ஜனங்கள் தாங்களே வழி விட்டு, “பூட்டாரு வராரு” என்றார்கள்.